கடைசி வரிசையில் அப்பா

அண்ணே,

நேற்று கடைக்கு ஓர் இளைஞன் வந்தான். பிளாஸ்டிக் பையிலிருந்து வெள்ளை அங்கி ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தான். புதுத் துணி. மடித்த இடமெல்லாம் கோடு விழுந்திருந்தது. கஞ்சி போட்டுத் தேய்த்துத் தர வேண்டும், வருகிற ஞாயிற்றுக்கிழமை தனக்குக் குருப்பட்டம் கொடுக்கிறார்கள் என்றான். இந்தச் சலவைக்கடையை இப்போது என் மகன்தான் பார்க்கிறான். நான் சும்மா கல்லாப் பக்கம் உட்கார்ந்திருப்பவள். ஆனாலும் அந்த அங்கியை நானே தேய்க்கிறேன் என்று எழுந்தேன். ஈரத் துணியில் சூடு பட்டதும் கஞ்சி வாசனை குப்பென்று எழுந்தது. அதோடு நீயும் வந்துவிட்டாய்.

என் வாய் சும்மா இருக்குமா? அப்பா அம்மா எல்லாம் வருகிறார்களா தம்பி என்று கேட்டுவிட்டேன். அம்மா வருவார், அப்பா வரமாட்டார் என்றான். "அவரு கோயில் கமிட்டில இருக்காரு ஆன்ட்டி. வந்தா அவருக்குத்தான் அவமானம் லா." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரை போகவில்லை. அவனிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. ஹேங்கரில் மாட்டிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அவனிடம் சொல்லாததை உன்னிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத் தெரியாதது இதில் அதிகம் இல்லை. இருந்தாலும் நாம் இருவரும் இதை முதலிலிருந்து முடிவுவரை ஒரு தரம்கூடப் பேசிக்கொண்டதில்லை. வெட்கம். உனக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம், நம் இருவரையும்விட அப்பாவுக்கு வெட்கம். நம் வீட்டுப் பேச்சில் பாதி அப்படியே தொண்டையில் நின்றுபோனது.

எழுபதுகளின் தொடக்கம் அது. நீ ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிக்கு உதவியாளாகச் சேர்ந்திருந்தாய். லயத்து வரிசை வீட்டுப் பையன்களில் மண்ணில் கால் வைக்காமல் சம்பளம் வாங்கியவன் நீ ஒருவன்தான். அம்மாவுக்கு அதில் எவ்வளவு பெருமை. அந்தப் பெருமை சில மாதம்கூட நிற்கவில்லை. இருமல் வந்தது, பிறகு இருமலோடு ரத்தம் வந்தது. காச நோய் என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். மாதக்கணக்கில் கிடந்தாய். பக்கத்துக் கட்டிலில் பாகான் டத்தோக்காரர் ஒருவர் இருந்தார், தேங்காய் லாரி ஓட்டியவர், கிறிஸ்தவர். மூச்சு வாங்காத வேளைகளில் மெதுவாகப் பாடுவார். உனக்கு வேதம் வாசித்துக் காட்டுவார். அவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. நீ திரும்பியபோது அவருடைய வேதப் புத்தகம் உன் துணிமூட்டைக்குள் இருந்தது.

அப்பாவைப் பற்றியும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். காலையில் பால்மரம் சீவப் போவார். பின்னேரம் கள்ளுக்கடைக்குப் போவார். சில நாள் நீ ஒரு கை, நான் ஒரு கை பிடித்து அவரை லயத்துக்கு நடத்தி வந்திருக்கிறோம். அம்மாவின் தோடு ஒரு தரம் அடகுக்கடைக்குப் போனதும் நடந்ததுதான். ஆனால் மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் அவர் வேறு ஆள். விரதம் இருந்து, மஞ்சள் வேட்டி கட்டி, தலையில் கரகத்தோடு அவர் ஆடி வரும்போது தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோரின் மனைவிகூட எழுந்து நின்று கும்பிடுவாள். வருசத்தில் ஒரு நாளாவது அவரைப் பார்த்து ஊர் கும்பிட்டது.

நீ ஞானஸ்நானம் எடுக்கப் போவதாகச் சொன்ன அன்று அப்பா சண்டை போடவில்லை. அங்கே போனால் திருநீறு பூசக் கூடாதா என்று மட்டும் கேட்டார். கூடாது என்றாய். சரி என்று எழுந்து போனார். சண்டை வெளியிலிருந்து வந்தது. கோயில் தலைவர் நம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஒம் மவன் அந்தப் பக்கம் போயிட்டான். நீ கரகம் எடுத்தா ஆத்தா ஏத்துக்குமான்னு நாலு பேரு கேக்குறான். இந்த வருசம் வேற ஆளு பாத்துக்கிறோம் லா."

அப்பா சரியென்று தலையை ஆட்டினார். அந்த வருசம் உறுமி மேளம் நம் லயத்தைத் தாண்டிப் போகும்வரை அவர் பின்கட்டில் பால்மரம் சீவுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்ட வேண்டிய கத்தியே இல்லை அது. நானும் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். கமுந்திங்கிலிருந்து எனக்கு வந்திருந்த சம்பந்தமும் அதே மாதம் நின்றுபோனது. பையனின் அண்ணி வந்து, உங்கள் வீட்டில் கும்பிடுகிற சாமி எது என்று இனிமேல்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். நீ அன்று வீட்டில்தான் இருந்தாய். எல்லாம் உன் காதில் விழுந்தது. ராத்திரி நீ சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் நீ ஈப்போவுக்கே குடி போனாய். ஒரு அச்சகத்தில் வேலை, சபையில் ஓய்வு நேரமெல்லாம். வரும்போதெல்லாம் புதுப் புது வார்த்தைகளோடு வருவாய். போதகராவது எப்படி என்று நீ விளக்கியது எனக்கு இன்னும் ஞாபகம். முதலில் சபையில் அங்கத்தினராகக் கொஞ்ச காலம் இருக்க வேண்டும். பிறகு பிரசங்கம் செய்யப் பரீட்சை. சபையார் கூடி இவர் போகலாம் என்று கை தூக்க வேண்டும். அதற்குமேல் வட்டாரக் கமிட்டி. அவர்கள் சரி என்றால் சிங்கப்பூரில் இறையியல் கல்லூரி. படித்து முடித்தால் எங்காவது தோட்டப் பகுதியில் பயிற்சிக் காலம். நன்றாக நடந்தால் உதவிக்குரு. அதிலும் தேறினால்தான் குருப்பட்டம்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனையும் முடித்தால் என்ன வேலை என்றார். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம், கல்யாணம் முடித்து வைக்கலாம், செத்தவர்களை அடக்கம் பண்ணலாம், அப்பமும் திராட்சை ரசமுமாகத் திருவிருந்து கொடுக்கலாம் என்று நீ சொன்னாய்.

"பூசாரி மாதிரி."

"கிட்டத்தட்ட அப்படித்தாம்பா."

"அதுக்கு எதுக்குப்பா சிங்கப்பூரு வரைக்கும் போவணும்?"

மூன்று பேரும் சிரித்தோம். நீ சிரித்துச் சிரித்து இருமினாய். அந்த இருமல் கேட்டதும் அப்பா முகம் மாறியதை நான் பார்த்தேன், நீ பார்த்திருக்க மாட்டாய்.

வட்டாரக் கமிட்டி உன்னைக் கல்லூரிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன், ஈப்போவில் ஒரு பெரிய கூட்டம் வைத்தார்கள். கல்லூரிக்குப் பெயர் கொடுத்தவர்கள் எல்லாரும் மேடையேறி, தாங்கள் ஆண்டவரிடம் வந்த கதையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். தேதியை நீதான் பேச்சுவாக்கில் அம்மாவிடம் சொன்னாய். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அப்பா மறுப்பார், அந்த மறுப்பைக் கேட்க வேண்டாம் என்று நினைத்திருப்பாய்.

அப்பாதான் கிளம்பினார். "அவன் பேசுறத ஒரு நா கேக்கணும்" என்றார். என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டார். வெள்ளை வேட்டி, சட்டை. பஸ்ஸில் நெற்றி நிறையத் திருநீறு இருந்தது. சபை வாசலில் நின்று துண்டால் அதை அழுத்தித் துடைத்தார். பிள்ளைக்குச் சங்கடமாக இருக்கும் என்றார். என் பொட்டையும் ஒரு தரம் பார்த்தார். நானே எடுத்துவிட்டேன். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தோம்.

உனக்கு முன்னால் பேசியவர் ரவுடியாக இருந்து மனந்திரும்பியவர். கூட்டம் அழுதது. அதற்கு முன்னால் பேசியவர் தற்கொலைக்குப் போய்த் திரும்பியவர். அடுத்து நீ. ஒல்லியாக, கறுப்புக் கால்சட்டையும் இரவல் டையுமாக மைக் முன்னால் நின்றாய். ஆண்டவர் உன்னை எந்தக் குழியிலிருந்து தூக்கினார் என்று ஜனங்களுக்குக் காட்டு என மூத்த போதகர் சொல்லியிருந்தாராம். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நீ குழியைக் காட்டினாய். உன் தகப்பன் குடிகாரன் என்றாய். கள்ளுக்கடையிலிருந்து அவரைத் தூக்கி வந்ததைச் சொன்னாய். அம்மாவின் தோடு அடகு போனதைச் சொன்னாய். அவ்வளவும் உண்மை. பிறகு உன் பேச்சில் அந்தத் தோடு தாலியாக மாறியது. நீ ரத்தம் கக்கிக் கிடந்தபோது உன் தகப்பன் கள்ளுக்கடையில் இருந்தார் என்றாய். இன்றைக்கும் அவர் குடித்துக்கொண்டு, விக்கிரகத்தின் முன்னால் ஆடிக்கொண்டு, இருட்டில் கிடக்கிறார் என்றாய். உன் குரல் உடைந்தது. நடிப்பு இல்லை அண்ணே, எனக்குத் தெரியும். சொல்லச் சொல்ல உனக்கே அது உண்மையாகிவிட்டது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று நாலா பக்கமும் குரல்கள்.

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு சிமெண்டுத் தரை.

பிறகு மூத்த போதகர் எழுந்து, இந்தத் தம்பியின் தகப்பனுக்காக ஜெபிக்க விரும்புகிறவர்கள் கை உயர்த்துங்கள் என்றார். கைகள் உயர்ந்தன. எங்கள் பக்கத்தில் ஒரு அம்மாள், நல்லவள், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அப்பா பக்கம் சாய்ந்தாள். "கை தூக்குங்க ஐயா. பாவம், அந்தப் பையனோட அப்பாவுக்காக."

அப்பா கை தூக்கினார்.

ஜெபம் முடியும்வரை இறக்கவில்லை. பால்மரத்துக் கறை ஏறிய அந்தக் கை கூட்டத்துக்கு நடுவே நின்றது.

திரும்பும் பஸ்ஸில் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் நம் தோட்டத்துச் சடக்கில் திரும்பும்போது, நன்றாகப் பேசுகிறான் என்றார். கொஞ்சம் கழித்து, நாங்கள் வந்தது உனக்குத் தெரியக் கூடாது என்றார். "அவன் வெக்கப்படுவான். சொல்லாத." நான் சரி என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் குளிக்கப் போய்விட்டார். நான் அடுப்படியில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையிலிருந்த அகப்பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீ ஆஸ்பத்திரியில் கிடந்த முதல் வாரமே அப்பா கோயிலில் விழுந்து, என் புள்ளையை எழுப்பிக் கொடு, இனி கள்ளைத் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டாராம். அன்றோடு விட்டவர்தான். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னதுகூட அவள் துருவித் துருவிக் கேட்டதால்தான். அவர் கள்ளுக்கடைக்குப் போகவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். உன்னை ஆஸ்பத்திரியில் பார்க்க ஈப்போவுக்கு வந்துபோகிற பஸ் காசுக்காக விட்டார் என்று நினைத்திருந்தேன். நீ கவனிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் உன் கண் வேறு எங்கோ இருந்தது.

நீ சிங்கப்பூர் போனாய். விடுமுறைக்கு வந்தாய். அப்பா உனக்கு டுரியான் பழம் உடைத்துக் கொடுத்தார், காலேஜில் சோறு போடுகிறார்களா என்று கேட்டார். எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. இதற்கிடையில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். கித்தா பால்மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். ஈப்போவில் இந்தக் கடையை வைத்திருந்த மனுசர் என்னைக் கட்டிக்கொண்டார். சாமி எது என்று விசாரிக்காத மனுசர். அப்பாவும் அம்மாவும் எங்களோடு கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு வந்தார்கள். நீ படித்து முடித்துப் பாகான் டத்தோ பக்கம் மோட்டார் சைக்கிளில் தென்னந்தோட்டம் செம்பனைத்தோட்டம் என்று சுற்றினாய். உதவிக்குருவானாய். உன் சாட்சி உனக்கு முன்னால் ஓடியது. தைப்பிங்கில் கூப்பிட்டார்கள், இன்னும் எங்கெங்கோ கூப்பிட்டார்கள். அந்தக் குடிகாரத் தகப்பன் கதையைச் சொல்லுங்கள் என்றே கூப்பிட்டார்கள். கடைக்குத் துணி போட வருகிற சபைக்காரர்கள் வாயிலிருந்தே நான் அதைக் கேட்டிருக்கிறேன். பின்னால் அப்பா துணி உலர்த்திக்கொண்டிருப்பார்.

எண்பதுகளில், குருப்பட்டத்துக்கு நாள் குறித்து, அழைப்பிதழும் கையுமாக நீ வந்த பின்னேரம். அப்பா பசாருக்குப் போயிருந்தார். நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். நீ பெஞ்சில் உட்கார்ந்து, அப்பா வருவாரா என்று கேட்டாய். தெரியவில்லை என்றேன். நீ பெருமூச்சு விட்டாய்.

"இத்தன வருசமா பேசுறேன் பாப்பா. ஒரு நாளாச்சும் வந்து கேட்டிருக்கலாம்."

எனக்கு என்ன வந்ததோ. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"வந்தாருண்ணே. ஒம் மொதக் கூட்டத்துக்கு வந்தாரு. நானும் வந்தேன். நீ பேசுன எல்லாத்தையும் கேட்டாரு. ஒங்கப்பாவுக்காக ஜெபம் பண்ணக் கை தூக்கச் சொன்னாங்கல்ல, அவரும் தூக்குனாரு."

நீ என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நான் அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. நீ படுத்த வாரமே அவர் ஆத்தாவிடம் வேண்டிக்கொண்டு கள்ளை விட்டதையும் சொன்னேன். அன்றைக்கே விட்டுவிட்டவரை நீ ஊர் ஊராகக் குடிக்க வைத்துக்கொண்டிருக்கிறாய் என்றேன். நீ அழைப்பிதழை மடித்தாய், பிரித்தாய், மறுபடி மடித்தாய்.

அப்பா காய்கறிப் பையோடு உள்ளே வந்ததும் நீ எழுந்து அவர் காலில் விழுந்தாய். என்னவென்று அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னைத்தான் பார்த்தார், உன்னை அல்ல. பிறகு உன் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"பொய்யா சொன்ன? குடிச்சேன்ல."

"நிறுத்திட்டீங்கல்லப்பா."

"அது எனக்கும் ஆத்தாளுக்கும் உள்ளது. ஒனக்கு எதுக்கு அது?"

அவ்வளவுதான். உனக்குத் தேநீர் போடச் சொன்னார். ஆனால் அண்ணே, உன்னோடு அன்றே சரியாகிவிட்டவர் என்னோடு சரியாகவில்லை. உனக்கு இது முழுசாகத் தெரியாது. அதன்பிறகு பல வாரம் என்னிடம் நேராகப் பேசவில்லை. சோறு வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்பார். கூட்டத்தில் ஒரு மனிதன் தன் அவமானத்தை யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்தான். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். அதை எடுத்து விரித்துப் போட்டவளும் நான்தான்.

நீ மூத்த போதகரிடம் போய், இதைச் சரிசெய்யாமல் குருப்பட்ட அபிஷேகம் வேண்டாம் என்றாய். தகப்பனிடம் மன்னிப்புக் கேட்டாயிற்றே, அது போதும், தேதி குறித்தாகிவிட்டது என்றாராம். நீ கேட்கவில்லை. அதே மாதிரி ஒரு கூட்டத்தில், அதே சபை மேடையில் ஏறினாய். இந்தத் தடவை என்னை நீயே கூட்டிப் போனாய். அப்பா வரவில்லை. நான் என் தகப்பனைப் பற்றிச் சொன்னதில் பொய் இருக்கிறது என்று ஆரம்பித்தாய். அவர் குடித்தது உண்மை, எனக்காக அவர் தன் சாமியிடம் வேண்டிக்கொண்டு கள்ளை விட்டதும் உண்மை, அப்போது எனக்கு இயேசுவின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது, என் மேல் முதலில் இரக்கம் வைத்த மனிதனை நான் குழி என்று உங்களுக்குக் காட்டினேன் என்றாய்.

ஒரு ஸ்தோத்திரம்கூட வரவில்லை. விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். நீ இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். அந்த வரிசையில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கமிட்டியில் சிலர், பிரசங்க மேடையில் விக்கிரகத்தைப் புகழ்ந்தான் என்றார்கள். குருப்பட்டப் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டார்கள். உன்னோடு படித்தவர்கள் குறித்த நாளில் குருவானார்கள். நீ அன்றைக்கு அந்த ஆராதனையில் நாற்காலி எடுத்துப் போட்டாய். காரணம் தெரியாதவர்கள் காரணம் கண்டுபிடித்தார்கள். பெண் விவகாரம் என்றார்கள், சபைக் காசு என்றார்கள். கடைக்கு வந்து என்னிடமே கேட்டவர்கள் உண்டு. நான் சட்டைகளை எண்ணுகிற மாதிரி குனிந்துகொள்வேன். மறுபடி நேர்காணல், மறுபடி கேள்விகள். உன் தகப்பனின் வேண்டுதலைக் கேட்டது யார் என்று நினைக்கிறாய் என்று ஒருவர் கேட்டாராம். "தெரியலன்னு சொல்லிட்டேன் பாப்பா" என்றாய் என்னிடம். அந்தப் பதிலுக்காகவே இன்னும் ஒரு வருசம் தள்ளிப்போட்டார்கள். நீ பாகான் டத்தோவிலேயே மோட்டார் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தாய். உன் முடி முன்பக்கம் நரைத்தது அந்தக் காலத்தில்தான். சாட்சி சொல்ல யாரும் உன்னைக் கூப்பிடவில்லை.

கடைசியில் மனம் இறங்கினார்கள். அபிஷேகத்துக்கு முந்தின நாள் உன் அங்கியை நான்தான் தேய்த்தேன். காலையில் அப்பா குளித்து, வேட்டி கட்டி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். எங்கே போகிறார் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, சபைக்குத்தான் கிளம்பியிருக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. நெற்றியில் திருநீறு இருந்தது. சபை வாசலில் நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் துண்டை எடுக்கவில்லை. முன்வரிசையில் நமக்கு இடம் போட்டிருந்தார்கள். அவர் கடைசி வரிசைக்குப் போனார். நானும் அம்மாவும் பின்னால் போனோம்.

நீங்கள் மூன்று பேர் வெள்ளை அங்கியில் முன்னால் நின்றீர்கள். பேராயர் சபையைப் பார்த்து, இவர்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கக் கூடாதபடி எந்தத் தடையையாவது குற்றத்தையாவது அறிந்தவர்கள் இருந்தால் இப்போது சொல்லுங்கள் என்றார். அது எப்போதும் கேட்கிற கேள்வி. பதில் வராது. கொஞ்சம் நிறுத்திவிட்டு மேலே போவார்கள். அந்த நிறுத்தம் அன்றைக்கு நீளமாக இருந்ததா, எனக்கு மட்டும் அப்படித் தோன்றியதா தெரியவில்லை.

அப்பா எழுந்து நின்றார்.

பெஞ்சு கிறீச்சிட்டது. எல்லாத் தலையும் திரும்பியது. எனக்குக் காது சுட்டது. உட்காருங்கப்பா என்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"நான் அவன் அப்பங்க. அவன் மேல குத்தம் ஒண்ணும் இல்லீங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பேராயர் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு, நன்றி ஐயா என்று தலை குனிந்து சொல்லிவிட்டு அடுத்த வாசகத்துக்குப் போனார். நீ திரும்பிப் பார்க்கவில்லை. உன் முதுகு குலுங்குவது கடைசி வரிசைவரை தெரிந்தது.

மத்தியானம் சாப்பாட்டில் நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன்பா எழுந்தீங்க என்று கேட்டாய். அப்பா மிளகாயை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே சொன்னார். "கேட்டாங்கல்ல. ஒருத்தனும் வாயத் தொறக்கல. மறுபடியும் ஒன்ன விட்ருவாங்களோன்னு பயந்துட்டேன்." நீ சாப்பிட முடியாமல் கை கழுவப் போனாய்.

அதற்குப் பிறகு அவர் அதிக காலம் இல்லை. கொள்ளி வைக்க மாமாவிடம் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்துவிட்டுப் போனார், உனக்குச் சபையில் சங்கடம் வரக் கூடாது என்று. நீ பாடையின் முன்கொம்பைத் தோளில் வைத்துக்கொண்டு கடைசிவரை நடந்தாய். நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்தப் பல வார மௌனத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு சகஜமாகப் பேசினோம், சோறு போடு என்றார், பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் கோபம் தீர்ந்ததா, மறந்துபோனதா, இல்லை என் முன்னால் மறைத்து வைத்தாரா, எனக்குத் தெரியாது. மறைப்பதில் அவர் கெட்டிக்காரர்.

நீ போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது அதை உன்னிடம் கேட்டேன். எத்தனை பேர் உன் முன்னால் முழங்கால் போட்டு அழுதிருப்பார்கள், எத்தனை பேருக்கு மன்னிப்பின் வசனத்தைச் சொல்லி அனுப்பியிருப்பாய். எனக்கும் ஒன்று சொல்லேன் என்றேன். அப்பாவிடம் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. அதனால்தான் நீ பொய்யை விட்டாய், அதனால்தான் நீ உண்மையான போதகரானாய் என்று எல்லாரும் சொல்லலாம். நீகூட அப்படிச் சொல்லி என்னைத் தேற்றுவாய் என்று நினைத்தேன்.

நீ வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாய். மூக்கில் குழாய். பேசக் கஷ்டம்.

"நீ சொன்னதால நான் பொழச்சேன் பாப்பா. ஆனா அத நான் மன்னிக்க முடியாது. அது அப்பாவோடது."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. சும்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். இப்போது கோபம் இல்லை. ஒரு காலத்தில் மேடையில் அழகாகப் பொய் சொன்ன என் அண்ணன், சாகக் கிடக்கும்போது தங்கச்சியைத் தேற்றுவதற்காகக்கூட ஒரு பொய் சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவிடம் கேட்காமல் விட்டதையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று குறைக்கவில்லை.

உன் பாப்பா